மெயில் சர்வரில் ஸ்பேம் ஃபில்டர் திணறும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பலூர் சிட்கோவில் ஒரு பட்டறை, திருமங்கலம் பக்கம் ஒரு மில், நகருக்குள் ஒரு கல்லூரி, ஒரு மருத்துவமனை என்று மதுரையைச் சுற்றிச் சொந்த மெயில் சர்வர் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே அமைப்புதான்: லினக்ஸ், அதில் மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், அதன் பின்னால் ஒவ்வொரு மெயிலையும் வாங்கிச் சோதனைக்குக் கொடுக்கும் அமாவிஸ், அமாவிஸுக்குள் ஸ்பேமா என்று மதிப்பெண் போடும் ஸ்பேம்அசாசின், பக்கத்தில் வைரஸ் பார்க்க கிளாம்ஏவி. பார்த்துக்கொள்வதும் ஒரே ஆள்தான். சிசிடிவி, பிரிண்டர், டேலி எல்லாம் அவர் தலையில். அவர்கள் போனில் கேட்பதை அப்படியே எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணே, மெயில் போகுது. ஆனா வர்ற மெயிலு ரெண்டு மணி நேரம் கழிச்சு வருது. சர்வர் படுத்துருச்சா?

படுக்கவில்லை. வெளியிலிருந்து வரும் மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் வாங்கிக் க்யூவில், அதாவது காத்திருக்கும் வரிசையில், வைக்கிறது. அங்கிருந்து ஒவ்வொன்றாக ஃபில்டருக்குப் போய், பார்த்து முடித்தபின் திரும்பி வந்து பயனரின் இன்பாக்ஸில் விழுகிறது. வாங்குகிற வேகத்துக்கு ஃபில்டரால் ஈடுகொடுக்க முடியாவிட்டால் நடுவில் தேங்குகிறது, அவ்வளவுதான்.

தேங்கிய மெயில் தொலைந்துவிடாது. வேறு மாதிரி மாற்றி வைக்காவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வரை வைத்துக்கொண்டு முயற்சி செய்யும். அதற்குப் பிறகுதான் அனுப்பியவருக்குத் திருப்பும். ஆகவே முதலாளி பக்கத்தில் நிற்கிறார் என்று சர்வரை நாலு தடவை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். கிளாம்ஏவி எழுந்திருக்க எடுக்கும் நேரம்தான் ஒவ்வொரு தடவையும் கூடும்.

ஃபில்டர்தான் காரணம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நெட்டு ஸ்லோவா இருக்கலாம்ல?

மெயில்க்யூ என்று கமாண்ட் கொடுங்கள். தள்ளிவைக்கப்பட்ட ஒவ்வொரு மெயிலுக்கும் கீழே அடைப்புக்குறிக்குள் காரணம் இருக்கும். அதில் 127.0.0.1, போர்ட் 10024 என்று வந்தால் அது அமாவிஸ்; பிரச்சினை உங்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஜிமெயில், யாஹூ போன்ற பெயர்கள் வந்தால் அது வெளியே போகிற மெயிலின் பிரச்சினை, இந்தப் பக்கத்தில் அதற்கு மருந்து குறைவு.

இதைவிடத் துல்லியமான இடம் மெயில் லாக். டெலிவரி ஆன ஒவ்வொரு மெயிலுக்கும் டிலேஸ் என்று நான்கு எண்கள், சாய்கோடு போட்டு நிற்கும். முதல் எண், மெயில் வந்ததிலிருந்து ஆக்டிவ் க்யூவுக்கு (டெலிவரிக்கு எடுத்துக்கொண்ட வரிசைக்கு) கடைசியாக வந்த நேரம் வரை. இரண்டாவது, அங்கே தன் முறைக்குக் காத்திருந்த நேரம். மூன்றாவது, அடுத்த இடத்தோடு கனெக்‌ஷன் போட ஆன நேரம். நான்காவது, மெயிலைக் கொடுத்து ‘சரி’ என்ற பதில் வாங்க ஆன நேரம். ஃபில்டருக்குப் போகிற வரியில் 0.3/5400/0.02/48 என்று இருந்தால், ஒரு மெயிலைப் பார்க்கவே ஃபில்டர் 48 நொடி எடுக்கிறது, அதனால் பின்னால் வந்தது ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறது என்று அர்த்தம். நான்காவது எண் 2, 3 நொடிதான், ஆனால் இரண்டாவது பெரிது என்றால், ஃபில்டர் நன்றாகத்தான் ஓடுகிறது, வருகிற கூட்டம்தான் அதிகம். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள்.

டாப் போட்டுப் பார்த்தா சிபியு 20 சதவீதம்தான் காட்டுது. அப்புறம் எப்படி ஓவர்லோடுன்னு சொல்றீங்க?

ஃபில்டர் வேலை செய்யவில்லை, காத்துக்கொண்டிருக்கிறது. ஸ்பேம்அசாசின் ஒரு மெயிலைப் பார்க்கும்போது அனுப்பிய ஐபி, உள்ளே உள்ள லிங்க், டொமைன் எல்லாவற்றையும் பிளாக்லிஸ்ட்களில் (ஸ்பேம் அனுப்புவோர் பட்டியல்களில்) டிஎன்எஸ் மூலம் விசாரிக்கும். ஒரே மெயிலுக்குப் பல கேள்விகள். அலுவலக ரவுட்டரையே டிஎன்எஸ் சர்வராகக் கொடுத்திருந்தால் அது திணறிப் பதில் தராது. டைம்அவுட் வரை ஒர்க்கர், அதாவது மெயிலைப் பார்க்கும் அமாவிஸ் ப்ராசஸ், சும்மா உட்கார்ந்திருக்கும். சிபியு குறைவாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

நிறைய இடத்தில் கூகிளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 போட்டு வைத்திருக்கிறார்கள். வேகமாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்பேம்ஹாஸ் போன்ற பிளாக்லிஸ்ட்கள், ஊரே பயன்படுத்தும் பொது டிஎன்எஸ் வழியாக வருகிற கேள்விக்குச் சரியான பதில் தருவதில்லை, 127.255.255.254 என்ற எண்ணைத் திருப்பும். ‘இந்த வழியாகக் கேட்காதே’ என்பதுதான் அதற்குப் பொருள். எந்தப் பதில் வந்தாலும் ஸ்பேம்தான் என்று போஸ்ட்ஃபிக்ஸில் எழுதி வைத்திருந்தால், நல்ல மெயில் மொத்தமும் வாசலிலேயே திரும்பிவிடும். மெயில் ஹெடரில் யூஆர்ஐபிஎல் பிளாக்ட் என்ற ரூல் பெயர் தெரிந்தால் அதுவும் இதே வியாதிதான்.

சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளைப் போட்டு, எங்கும் ஃபார்வர்ட் செய்யாமல் அதுவே நேராகத் தேடும்படி வையுங்கள். கூடவே பழைய பிளாக்லிஸ்ட்களைக் களையுங்கள். பல வருஷத்துக்கு முந்தைய கான்ஃபிக் ஃபைலைக் காப்பி அடித்தவர்களிடம் சோர்ப்ஸ் என்ற லிஸ்ட் இன்னும் இருக்கிறது; அது 2024 ஜூனிலேயே மூடப்பட்டது. செத்துப்போன லிஸ்ட்டைக் கேட்பது நேரத்துக்குக் கேடு. சில லிஸ்ட்கள் மூடியபின் கேட்பவற்றையெல்லாம் ‘ஸ்பேம்’ என்று சொன்ன கதையும் உண்டு.

சரி, அமாவிஸ் ஒர்க்கரை 2-லேர்ந்து 20 ஆக்கிட்டா முடிஞ்சதுல்ல?

எல்லோரும் முதலில் தொடுவது இதைத்தான். 2 என்பது அமாவிஸுடன் வரும் எண், அது குறைவுதான். ஆனால் ஒவ்வொரு ஒர்க்கரும் ஸ்பேம்அசாசினின் ரூல்களை எல்லாம் சுமந்துகொண்டு சுமார் 100 எம்பி எடுக்கும், சில சமயம் அதற்கு மேலும். கிளாம்ஏவி தனியாக 1 ஜிபிக்கு மேல் எடுக்கும். 4 ஜிபி பெட்டியில் 20 போட்டால் மெமரி போதாமல் ஸ்வாப்புக்கு, அதாவது டிஸ்க்குக்கு, போகும். போனதும் 3 நொடியில் முடிந்த மெயில் 60 நொடி எடுக்கும். பந்தியில் பரிமாற ஆள் இல்லாதபோது இன்னும் இருபது இலை போடுவது போலத்தான்.

4 ஜிபிக்கு 5 அல்லது 6 போதும். ஃப்ரீ கமாண்டில் ஸ்வாப் அசையாமல் இருக்கும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். அமாவிஸில் கொடுக்கும் எண்ணும், போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் ஃபைலில் அமாவிஸ் வரியில் இருக்கும் ப்ராசஸ் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் பக்கம் கூடுதலாக இருந்தால் அது தட்டிக்கொண்டே நிற்கும். குறைவாக இருந்தால் அமாவிஸில் ஆள் சும்மா இருக்கும். காரணம் டிஎன்எஸ் என்றால் மேலே சொன்னதை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

கிளாம்ஏவி தானாச் செத்துப்போகுது. லாக்ல ஒண்ணுமே இல்ல.

கிளாம்ஏவியின் லாக்கில் இருக்காது, கெர்னல் லாக்கில் பாருங்கள். மெமரி தீர்ந்ததும் கெர்னல் பெரிய ப்ராசஸாகப் பார்த்துக் கொல்லும். இந்தப் பெட்டியில் பெரியது கிளாம்ஏவிதான். அதிலும் புதிய வைரஸ் பட்டியல் இறங்கும் நேரத்தில், பழைய பட்டியலையும் புதியதையும் ஒரே சமயத்தில் மெமரியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. 0.103 பதிப்பிலிருந்து அப்படி. கான்ஃபிக்கில் கன்கரன்ட் டேட்டாபேஸ் ரீலோட் என்பதை ‘நோ’ ஆக்கினால் அந்த இரட்டிப்பு இருக்காது. பட்டியல் மாறும் சில நொடிகள் ஸ்கேன் நிற்கும், பரவாயில்லை.

கிளாம்ஏவி செத்திருக்கும்போது அமாவிஸ் என்ன செய்யும் என்பது உங்கள் அமைப்பைப் பொறுத்தது. ஒன்று வைரஸ் பார்க்காமலே விடும், இல்லையென்றால் 451 கொடுத்து நிறுத்தி வைக்கும். எது என்று அமைதியான நாளில் ஒருமுறை கிளாம்ஏவியை நீங்களே நிறுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாசாமாசம் கரண்ட் நிறுத்துற அன்னைக்குச் சாயந்திரம் மட்டும் திணறுதே, ஏன்?

பராமரிப்பு மின்தடை காலையில் தொடங்கிச் சாயந்திரம்தான் முடிகிறது. யுபிஎஸ் ஒரு மணி நேரம் தாங்கும், அப்புறம் சர்வர் இல்லை. அந்த நேரம் முழுக்க உங்களுக்கு வந்த மெயில் அனுப்பியவர்களின் சர்வரில் காத்திருக்கும். கரண்ட் வந்ததும் எல்லாம் சேர்ந்து வந்து மோதும். போதாக்குறைக்கு போஸ்ட்ஃபிக்ஸ் உடனே எழுந்துவிடும், கிளாம்ஏவி மட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் பட்டியலைப் படித்துக்கொண்டே இருக்கும்.

கிளாம்ஏவி, அமாவிஸ் இரண்டும் தயாரான பிறகே போஸ்ட்ஃபிக்ஸ் எழும்படி சிஸ்டம்டியில் வரிசை கொடுங்கள். மீதி கூட்டம் ஒரு மணி நேரத்தில் தானே வடியும், அதற்காக எதையும் மாற்ற வேண்டாம். இதற்குப் பயந்து செகண்டரி எம்எக்ஸ் (முதன்மை சர்வர் இல்லாதபோது மெயில் வாங்கும் மாற்று சர்வர்) போடுகிறார்கள். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் செகண்டரியைத்தான் குறிவைப்பார்கள், அங்கே காவல் குறைவு என்று அவர்களுக்குத் தெரியும். முதன்மை சர்வரில் உள்ள அத்தனை கட்டுப்பாடும் அதிலும் இருந்தால் மட்டும் வையுங்கள். இல்லையென்றால் இல்லாமலே இருப்பது மேல்.

ஆளே இல்லாத பேருக்கெல்லாம் மெயில் வருது. எதுவும் மிஸ் ஆகக் கூடாதுன்னு முதலாளி எந்தப் பேருக்கு வந்தாலும் வாங்குற கேட்ச்-ஆல் வைக்கச் சொல்லிட்டார். அது பிரச்சினையா?

மற்ற கேள்வி எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். ஃபில்டர் திணறுவதாக நான் பார்த்த சர்வர்களில் பலவற்றில் ஃபில்டர் மேல் குற்றமே இல்லை. இன்ஃபோ, அட்மின், சேல்ஸ், ஜான், மேரி என்று அகராதியைப் பார்த்து எழுதினாற்போல் வரும் மெயிலை எல்லாம் கேட்ச்-ஆல் உள்ளே வாங்கி, ஃபில்டர் அவை ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும். கேட்ச்-ஆலை எடுத்தால், ‘இந்தப் பெயரில் இங்கே ஆள் இல்லை’ என்று போஸ்ட்ஃபிக்ஸ் 550 சொல்லி முடித்துவிடும். மெயிலின் உடல் உள்ளே வருவதற்கு முன்பே இது நடக்கும். ஃபில்டருக்கு வேலையே இல்லை.

முதலாளியின் பயமும் நியாயம்தான். மீனாட்சி என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். நடுவில் டி போடுபவர், கே போடுபவர், ஒரே ஐ போதும் என்பவர். வாடிக்கையாளர் தப்பாக அடித்த ஆர்டர் போய்விட்டால் நஷ்டம். அதற்குக் கேட்ச்-ஆல் வேண்டாம். பழைய லாக்கை எடுத்து, உண்மையான ஆட்கள் எந்தெந்த எழுத்தில் தப்பாக அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்த்து, அவற்றை மட்டும் ஏலியாஸாக (சரியான இன்பாக்ஸுக்குப் போகும் மாற்றுப் பெயராக) போடுங்கள். பத்துப் பதினைந்துக்கு மேல் வராது. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் முதலாளிகள் ஒத்துக்கொள்கிறார்கள்.

கேட்ச்-ஆல் இல்லாமலே இன்னொரு விதத்திலும் இது நடக்கும். முன்னால் ஒரு கேட்வே மெயிலை வாங்கி, பின்னால் உள்ள எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வருக்குத் தள்ளும்போது, யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் கேட்வேயிடம் இருக்காது. எல்லாவற்றையும் வாங்கி, பின்னால் மறுக்கப்பட்டதும், அனுப்பியவர் என்று எழுதியிருக்கும் அப்பாவிக்கு பவுன்ஸ் அனுப்பும். ஸ்பேமில் அந்த முகவரி பொய். கொஞ்ச நாளில் உங்கள் ஐபியே பிளாக்லிஸ்ட்டில் ஏறும். கேட்வேயின் போஸ்ட்ஃபிக்ஸில் ரிலே ரெசிபியன்ட் மேப்பில் பெயர்களைப் போட்டு வையுங்கள்.

வாசல்லயே நிறுத்த வேற என்ன இருக்கு?

போஸ்ட்ஸ்கிரீன். 2011-இல் வந்த போஸ்ட்ஃபிக்ஸ் 2.8 முதல் கூடவே இருக்கிறது, ஆனால் தானாக ஓடாது, நாம்தான் திறந்துவிட வேண்டும். வருகிறவரிடம் வணக்கத்தின் பாதியை மட்டும் சொல்லிவிட்டு 6 நொடி பொறுத்துப் பார்க்கும். ஒழுங்கான சர்வர் வணக்கம் முடியும்வரை காத்திருக்கும். அவசரத்தில் இருக்கும் ஸ்பேம் மென்பொருள் குறுக்கே பேசிவிடும், அதிலேயே மாட்டும். ஸ்பேம்ஹாஸ் ஜென் லிஸ்ட்டையும் இங்கேயே வைத்தால் பெரும்பங்கு கூட்டம் ஃபில்டரை எட்டாது.

ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பதிவு) இல்லாதவர்களை நிறுத்தும் விதியை மட்டும் யோசித்துப் போடுங்கள். நம் பக்கத்துச் சின்ன சப்ளையர்கள் சிலரின் சர்வரில் அது இருக்காது. முதலில் எச்சரிக்கையாக லாக்கில் மட்டும் எழுதும்படி ஓடவிட்டு, யார் மாட்டுகிறார்கள் என்று பார்த்தபின் முடிவெடுக்கலாம்.

கிரேலிஸ்டிங் போட்டா ஸ்பேம் குறையுங்கிறாங்க. போட்டோம், ஆனா ஓடிபி எல்லாம் லேட்டா வருதுன்னு அக்கவுண்ட்ஸ்ல கத்துறாங்க.

கத்தத்தான் செய்வார்கள். முதல்முறை வருபவரிடம் ‘அப்புறம் வா’ என்று 450 சொல்லி அனுப்புவதுதான் கிரேலிஸ்டிங். அதைச் செய்யும் போஸ்ட்கிரேயில் குறைந்தது 300 நொடி. திரும்பி வருவது அனுப்புகிறவர் இஷ்டம், அரை மணி நேரம்கூட ஆகலாம். ஓடிபி பத்து நிமிஷத்தில் காலாவதி. பெரிய மெயில் நிறுவனங்கள் இரண்டாம் தடவை வேறு ஐபியிலிருந்து வரும், அதனால் மறுபடி முதலிலிருந்து.

போஸ்ட்ஸ்கிரீன் ஓடினால் கிரேலிஸ்டிங் தேவையில்லை என்பது என் கருத்து. கட்டாயம் வேண்டுமென்றால் வங்கி, ஜிஎஸ்டி, வருமான வரி டொமைன்களை விலக்கி வையுங்கள்.

மாசம் 11, 20 தேதி வந்தா மெயில் நிக்குது. ஜிஎஸ்டிக்கும் ஸ்பேமுக்கும் என்ன சம்பந்தம்?

ஜிஎஸ்டிஆர்-1, 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன்களின் கடைசித் தேதிகள். எல்லோரும் ஒரே நாளில் பில்லை ஸ்கேன் செய்து, ஜிப்பாக்கி, ஆடிட்டருக்கும் உங்களுக்கும் அனுப்புகிறார்கள். அமாவிஸ் ஒவ்வொரு ஜிப்பையும் பிரித்து உள்ளே பார்க்கும், கிளாம்ஏவி ஒவ்வொரு பிடிஎஃப்பையும் பார்க்கும். நேரம் ஆகத்தான் செய்யும்.

ஸ்பேம் பெரும்பாலும் சின்ன மெயில். அதனால்தான் ஸ்பேம்சி என்ற கருவி 500 கேபிக்கு மேற்பட்டதைத் தானே விட்டுவிடுகிறது. அமாவிஸிலும் ஸ்பேம் சோதனைக்கு அளவு வரம்பு உண்டு; யாரோ அதைப் பல எம்பிக்கு உயர்த்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வைரஸ் சோதனையை மட்டும் இப்படிக் குறைக்க வேண்டாம்.

பேயஸ் பழக்கினோம். அதுக்கப்புறம்தான் ஸ்லோ ஆச்சு. தமிழ் மெயிலையும் ஸ்பேம்ங்குது.

பேயஸ் என்பது நாம் காட்டும் மெயிலைப் பார்த்து ஸ்பேமை அடையாளம் காணப் பழகும் ஸ்பேம்அசாசினின் பகுதி. அது வேலை தொடங்கவே 200 ஸ்பேமும் 200 நல்ல மெயிலும் வேண்டும். பலர் ஸ்பேமை மட்டும் கொட்டுகிறார்கள். நல்ல மெயிலில் தமிழில் எழுதியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். மெயிலின் மொழியைக் கண்டுபிடிக்கும் டெக்ஸ்ட்கேட் ப்ளக்-இன் ஓடினால் அனுமதித்த மொழிகளில் ஆங்கிலம் மட்டும் இருக்கிறதா என்று பார்த்துத் தமிழையும் சேருங்கள்.

வேகம் குறைவது வேறு காரணத்தால். பழைய டோக்கன்களை (பழகி வைத்த சொற்களை) கழிக்கும் வேலையை மெயில் பார்க்கும் நடுவிலேயே பேயஸ் தொடங்கும். அப்போது டேட்டாபேஸ் பூட்டப்படும், மற்ற ஒர்க்கர்கள் வெளியே நிற்கும். தானாகக் கழிப்பதை நிறுத்திவிட்டு, இரவு 3 மணிக்கு க்ரானில் ஓடவிடுங்கள்.

ஒரே மெயில் மூணு தடவை வருது. அனுப்புனவர் ஒரு தடவைதான் அனுப்புனேன்னு சத்தியம் பண்றார்.

அவர் சொல்வது உண்மைதான். மெயிலை முழுக்க வாங்கி முடிக்கும் முன்பே ஃபில்டர் செய்யும் அமைப்பு உங்களிடம் இருக்கும், மில்டர் மாதிரி. அனுப்பும் சர்வர் கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு ‘சரி’க்காகக் காத்திருக்கும். 10 நிமிஷம் பொறுக்க வேண்டும் என்பது விதி, எல்லோரும் பொறுப்பதில்லை. உங்கள் ஃபில்டர் இழுத்தால் அனுப்பும் சர்வர் போனை வைப்பதுபோல் தொடர்பைத் துண்டித்துவிடும். நீங்கள் மெயிலை வாங்கிவிட்டீர்கள், அந்த சர்வருக்கு அது தெரியாது. மறுபடி அனுப்பும். 1988-இலேயே ஆர்எஃப்சி 1047 என்ற இணைய ஆவணம் இதை விவரிக்கிறது, அவ்வளவு பழைய சிக்கல்.

டூப்ளிகேட்டை நீக்கும் கருவி தேடாதீர்கள். டிலேஸ் பற்றிச் சொன்ன இடத்துக்குப் போய், ஃபில்டருக்கு ஏன் அவ்வளவு நேரம் என்று பாருங்கள்.

க்யூவுல 40 ஆயிரம் நிக்குது. மொத்தமா அழிச்சுட்டா?

வேண்டாம். முதலில் அவை யார் அனுப்பியவை என்று பாருங்கள். ஒரே பயனரின் பெயராக இருந்தால் அவருடைய பாஸ்வேர்டு போய்விட்டது, உங்கள் சர்வரே ஸ்பேம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. லாக்கில் சாஸ்ல் யூசர்நேம் என்று தேடினால் பெயர் கிடைக்கும். பாஸ்வேர்டை மாற்றி, அவர் அனுப்பிய மெயிலை மட்டும் போஸ்ட்சூப்பர் கமாண்டில் ஹோல்டுக்குத் தள்ளுங்கள், அழிப்பதை மறுநாள் யோசிக்கலாம். ஆக்டிவ் க்யூவில் 20,000 மெயில்தான் நிற்கும். இந்தக் குப்பை அதை நிறைத்ததும் நல்ல மெயிலுக்கு வழி இல்லாமல் போகிறது.

ஃபில்டர் சரியாகும் முன் திரும்பத் திரும்ப ஃப்ளஷ் (நிற்பதையெல்லாம் உடனே முயற்சி செய் என்ற கமாண்ட்) கொடுப்பதும் கெடுதல். தள்ளிவைத்த மெயிலுக்கும் புதிய மெயிலுக்கும் ஒரே சமயத்தில் அடிபிடி வரும். சரியான பிறகு ஒரே ஒரு தடவை கொடுங்கள். கொடுக்காவிட்டால் அடுத்த முயற்சி 4000 நொடி வரை தள்ளிப்போகலாம்.

அவசரத்துக்கு ஃபில்டரை ஆஃப் பண்ணிட்டேன். ஆனா நிக்கிற மெயில் அப்படியே நிக்குதே?

ஃபில்டருக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு, மெயில் உள்ளே வந்தபோதே க்யூ ஃபைலில் எழுதப்பட்டுவிட்டது. கான்ஃபிக்கில் நீங்கள் எடுத்தது இனி வருபவற்றுக்கு மட்டும். நிற்பவற்றுக்கு போஸ்ட்சூப்பரில் ரீக்யூ கொடுத்தால்தான் புதிய கான்ஃபிக்படி எழுதப்படும்.

ஆனால் முழுவதும் ஆஃப் செய்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. ஸ்பேம் சோதனையை மட்டும் அமாவிஸில் நிறுத்துங்கள், வைரஸ் சோதனை ஓடட்டும். ஸ்பேம் நூறு வந்தால் அழித்துக்கொள்ளலாம், பில் என்ற பெயரில் வரும் ரான்சம்வேர் ஒன்று வந்தால் டேலி டேட்டா போச்சு.

பேசாம ஆர்ஸ்பேம்டிக்கு மாறிரலாமா?

மாறலாம். ஆர்ஸ்பேம்டியும் ஒரு ஸ்பேம் ஃபில்டர்தான், சி மொழியில் எழுதியது. டிஎன்எஸ் பதில் வரும்வரை ஒரு மெயிலோடு உட்கார்ந்திருக்காமல் அடுத்ததைப் பார்க்கும். அதே பெட்டியில் ஸ்பேம்அசாசினைவிட நிறைய மெயிலைத் தாங்கும். ஆனால் கேட்ச்-ஆலும் 8.8.8.8-உம் அப்படியே இருந்தால் புதியதும் சீக்கிரமே பழையது போல ஆகும். அவற்றை முடித்துவிட்டு மாறுங்கள்.

மதிப்பெண் கணக்கு வேறு என்பதையும் பாருங்கள். ஸ்பேம்அசாசினில் 5 வந்தால் ஸ்பேம். ஆர்ஸ்பேம்டியில் வரும்போதே 4-க்கு கிரேலிஸ்டிங், 6-க்கு ஹெடர், 15-க்கு மறுப்பு என்று இருக்கும். பழைய 5-ஐக் கொண்டுபோய் மறுப்பில் போட்டால் நல்ல மெயில் திரும்பும். அந்த 4-க்கான கிரேலிஸ்டிங்கையும் மேலே சொன்ன ஓடிபி தொல்லைக்காக ஆரம்பத்தில் அணைத்து வைக்கலாம். முதல் சில வாரம் ஹெடர் மட்டும் போடும்படி விட்டு, எது எவ்வளவு மதிப்பெண் வாங்குகிறது என்று லாக்கில் பார்த்தபின் மறுப்பைத் திறங்கள். அதுவரை அமாவிஸை அன்இன்ஸ்டால் செய்ய வேண்டாம், நிறுத்தி மட்டும் வையுங்கள்.